றீற்றாவின் பெயரில் இருபத்திரண்டு நிமிடங்கள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இப்பால், கறுவாவும் கராம்பும் சாதிக்காயும் ஏற்றுமதி செய்யும் கம்பனி ஒன்று இருந்தது. பாலேந்திரன் அங்கே கணினிப் பொறுப்பாளனாகச் சேர்ந்தபோது பதினான்கு கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல்தான். முதலாளி மஹ்மூத் ஹாஜியாரின் மூத்த மகளின் பெயர். அது லொறிச் சாரதிக்குக்கூடத் தெரியும்.

பாலேந்திரன் மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றினான். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல். அதை அடுத்தவருக்குச் சொல்லக்கூடாது. காகிதத்தில் எழுதி ஒட்டக்கூடாது. பொறுப்பாளனின் கணினியிலிருந்து இணையத்துக்கே போகக்கூடாது; அதில் ஒரு கிருமி ஏறினால் முழு வலையமைப்பும் போய்விடும். அந்த விதி அவனுக்குத்தான். அவனே எழுதி, அவனே கடைப்பிடித்தான். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு எழுத்துப் போக்குவரத்து வைத்திருந்த ஏற்றுமதிப் பகுதிக்கு மட்டும் இணையம் திறந்திருந்தது.

யார் எப்போது எங்கே போனார்கள் என்ற பதிவு முழுவதும் இரும்பு அலுமாரிக்குள் இருந்த தனிக் கணினிக்குப் போய்ச் சேரும். அதைத் திறக்கும் கடவுச்சொல்லில் பாதி பாலேந்திரனிடம், பாதி ஹாஜியாரிடம். ஒருவர் தனியே திறக்க முடியாது. திறந்தாலும் வாசிக்கலாம், அழிக்க முடியாது.

"நீங்களே அழிக்க ஏலாதா, தம்பி?" என்று ஹாஜியார் கேட்டார்.

"ஏலாது ஹாஜியார். நான் கள்ளனாப் போனாலும் கம்பனிக்குப் பாதுகாப்பு இருக்கவேணும்."

ஹாஜியாருக்கு அந்தப் பதில் பிடித்துப் போயிற்று. அதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எழுந்து போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்ற விதியைத்தான் ஒருவரும் மதிக்கவில்லை. அதற்குப் பாலேந்திரன் ஒரு வழி கண்டுபிடித்தான். பூட்டாமல் கிடக்கும் கணினியில் உட்கார்ந்து, அதன் சொந்தக்காரரின் பெயரிலேயே எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுவான்: 'நாளைக்கு எல்லாருக்கும் ரோல்ஸ், என் செலவில்.' மறுநாள் அவர் வாங்கித்தான் ஆகவேண்டும்.

கணக்குப் பகுதி ஹபீலா ஒரே மாதத்தில் மூன்று முறை மாட்டிக்கொண்டாள்.

"இது என்ன அநியாயம் சேர்! தண்ணி குடிக்கப் போற அளவுக்குத்தானே போனேன்."

"தண்ணி குடிக்கிற நேரம் காணும் ஹபீலா, கம்பனியை விக்கிறதுக்கு."

"அப்ப எங்கட கம்பனிய வித்துப் போட்டுச் சும்மா நல்ல ரோல்ஸாச் சரி தாங்க. நேத்து நான் காசு குடுத்து வாங்கின ரோல்ஸுல இறைச்சியே இல்ல!"

ஏற்றுமதிப் பகுதி றீற்றா ஒருதரம்கூட மாட்டவில்லை. அவளுக்கு அது பெருமை. "என்னட்டை ரோல்ஸ் தின்ன உங்களுக்குக் குடுத்து வைக்கேல்லை" என்று பாலேந்திரனைச் சீண்டுவாள். அவனைப் போல அவளும் யாழ்ப்பாணத்தவள்தான். கரையூர்க் கத்தோலிக்கக் குடும்பம். கண்டி நகரில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் பாலேந்திரனைக் கலியாணம் முடிப்பதைப் பற்றித் தாய்க்குக் கடிதம் எழுதுவதாக இருந்தாள். அவன் சைவம் என்பதால் அந்தக் கடிதத்தை இரண்டு மாதமாக மனதுக்குள்ளேயே எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.

அது இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டின் மார்ச் மாதம். பாலேந்திரனின் அக்கா லீலாதேவி கணவனை ஷெல்லடியில் இழந்துவிட்டு, ஒன்பது வயது மகளோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. அலுவலகத்தில் றீற்றாவுக்கு மட்டும் அது தெரியும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அலுவலகம் காலியாகிவிடும். ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போவார்கள். ஹபீலா பக்கத்திலிருந்த மாமி வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய தபசு காலமென்பதால் றீற்றா கோவிலுக்குப் போய், பூசை இல்லாத நேரத்தில் தனியே சற்று உட்கார்ந்துவிட்டு வருவாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் திரையைப் பூட்ட மறந்து போனாள்.

பாலேந்திரன் சிரித்துக்கொண்டுதான் அவளுடைய கதிரையில் உட்கார்ந்தான். 'நாளைக்கு' என்று ஒரு சொல்லும் அடித்துவிட்டான். அப்போது திரையின் மூலையில் இணையம் திறந்திருப்பது கண்ணில் பட்டது. தடைசெய்யப்பட்ட செய்தித் தளம் ஒன்று புதிய முகவரியில் வந்திருப்பதாகவும், அதில் வன்னியில் இறந்தவர்களின் பெயர்கள் வருவதாகவும் அவனுடைய அறைத் தோழன் முதல் நாள் சொல்லியிருந்தான். முகவரியையும் சொல்லியிருந்தான். பாலேந்திரன் அதை மறந்துவிடத்தான் பார்த்தான்.

அடித்த சொல்லை அழித்தான். அந்த முகவரியை அடித்தான்.

பட்டியல் மெதுவாக, வரிவரியாக இறங்கியது. பெயர், வயது, ஊர். நான்காம் பக்கத்தில் இருந்தது: லீலாதேவி குணசீலன், 41, பளை.

அவன் அந்த வரியை எத்தனை முறை வாசித்தான் என்று அவனுக்கே தெரியாது. பிறகு பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை தேடினான். மகளின் பெயர் இல்லை. பக்கத்தின் அடியில், உறவினரைத் தேடுபவர்கள் எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதினான்: 'லீலாதேவி குணசீலனின் பிள்ளை எங்கே? ஒன்பது வயது. யாரோடு இருக்கிறாள்?' தன் பெயரைப் போடவில்லை. அனுப்பிவிட்டு, பக்கத்தை மூடி, திரையைப் பூட்டிவிட்டு எழுந்தான்.

றீற்றா திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த திரையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள். "அப்பாடா, மறந்து போனன் எண்டு வழியெல்லாம் பயந்து கொண்டு வந்தனான். பூட்டிப் போட்டுத்தான் போயிருக்கிறன். தப்பிட்டன்!"

பாலேந்திரன் சிரிக்க முயன்றான்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"தலையிடி."

அக்காவுக்கு அவன் அழவில்லை. லீவு எடுக்கவில்லை. அழுதால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். றீற்றாவிடம் சொன்னால் அவள் கதிரையிலிருந்து பார்த்ததையும் சொல்ல வேண்டிவரும். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று பத்து நாள் போயிற்று.

பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ஹாஜியார் தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, கொம்பியூட்டர் பார்க்க ரெண்டு மாத்தயாமார் வந்து ஈக்கிறாங்க. கூட்டிட்டு வாறேன். எல்லாத்தையும் நல்லாக் காட்டுங்க."

ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் ஆண்டுக்கொருமுறை பரிசோதனைக்கு ஆள் அனுப்புவது வழக்கம். இந்த மாதம் வருவதாகவும் எழுதியிருந்தார்கள். அவர்கள்தான் என்று பாலேந்திரன் நினைத்தான். வந்த இருவரும் கோடு போட்ட சேர்ட் அணிந்திருந்தார்கள். மூத்தவர் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார். பாலேந்திரனும் சிங்களத்தில் சொன்னான். இளையவர் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டார்.

ஒருவரின் பெயரில் இன்னொருவர் நுழைய முடியுமா என்று மூத்தவர் கேட்டார்.

முடியாது என்றான் பாலேந்திரன். தன் பெயரில் நடப்பதற்கெல்லாம் தானே பொறுப்பென்று எல்லாரும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள் என்று கோப்பை எடுத்துக் காட்டினான்.

பதிவை யாராவது மாற்றியிருக்க முடியுமா?

"இவரே மாத்த ஏலா!" என்று ஹாஜியார் பூரிப்போடு குறுக்கே விழுந்தார். "பாதி எனக்கிட்ட, பாதி இவர்கிட்ட."

மூத்தவர் தலையாட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். ஒரு திகதியும் ஒரு நேரமும் ஓர் இணைய முகவரியும் அதில் இருந்தன. தங்களுடைய பொலிஸ் அடையாள அட்டைகளையும் அப்போதுதான் காட்டினார். அந்த வெள்ளிக்கிழமையின் பதிவைத் திறக்கச் சொன்னார்.

ஹாஜியார் தன் பாதியை அடித்தார். பாலேந்திரனின் விரல்கள் தன் பாதியை இரண்டு முறை பிழையாக அடித்து, மூன்றாம் முறை சரியாக அடித்தன. பன்னிரண்டு முப்பத்தொன்றிலிருந்து பன்னிரண்டு ஐம்பத்துமூன்று வரை. இருபத்திரண்டு நிமிடங்கள். ஒரு தகவல் அனுப்பப்பட்டிருக்கிறது. பெயர்: றீற்றா.

அவளைக் கூப்பிட்டார்கள். தான் கோவிலில் இருந்ததாகச் சொன்னாள். யாரோடு என்று கேட்டார்கள். தனியே என்றாள். கடவுச்சொல்லை யாருக்காவது கொடுத்தாளா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். அவள் ஒருதரம் பாலேந்திரனைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கணினிச் சிக்கலை அவன் விளங்கப்படுத்திவிடுவான் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது.

அவன் கையெழுத்துக் கோப்பை மூடி அலுமாரியில் வைத்தான். முப்பத்துநாலு வயது, யாழ்ப்பாணத்தான், வன்னியில் உறவு. தன்னைக் கொண்டு போனால் திரும்பி வரமாட்டோம் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்தது.

"வாக்குமூலம் எடுத்திட்டு விடுவினமாம். போட்டு வாறன்" என்று றீற்றா ஹபீலாவிடம் கைப்பையை வாங்கிக்கொண்டு போனாள்.

இரவாகியும் அவளை விடவில்லை.

மறுநாள் காலை பாலேந்திரன் தானாகவே கண்டிப் பொலிஸ் நிலையத்துக்குப் போனான். நேற்று வந்த இருவரும் அங்கே இருந்தார்கள். நான்தான் உட்கார்ந்தேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றான். முதலிலிருந்து முடிவு வரை சொன்னான்.

மூத்தவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "நேற்று நீங்கள் சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?" என்றார்.

"நேற்றுச் சொன்னதுதான். அவள் அன்றைக்குத் திரையைப் பூட்டவில்லை."

"பூட்டிவிட்டுப் போனதாக அவளே சொல்கிறாளே. இரண்டு முறை கேட்டோம்."

"நான்தான் பூட்டினேன்" என்றான்.

"அவளும் நீங்களும் கலியாணம் முடிக்கப் போவதாகக் கேள்வி."

"ஓம். ஆனால்..."

"ஆனபடியால் வந்திருக்கிறீர்கள்."

"மாத்தயா, அந்தப் பட்டியலில் நாலாம் பக்கத்தில் என் அக்காவின் பெயர் இருக்கிறது. நான் பார்க்காமல் அது எனக்கு எப்படித் தெரியும்?"

"அவள் பார்த்துச் சொல்லியிருப்பாள்."

"இல்லை. அவளுக்கு அக்கா செத்ததே தெரியாது. கேட்டுப் பாருங்கள்."

மூத்தவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு தயக்கம் தெரிந்தது; பாலேந்திரன் அதைக் கண்டான். அவர் கை காட்ட, றீற்றாவைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். நேற்றுக் கட்டியிருந்த அதே சேலை. கண்கள் வீங்கியிருந்தன. இளையவர் கொப்பியை விரித்தார். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதைப் பாலேந்திரன் அப்போது அறியவில்லை.

"றீற்றா, நான்தான் உம்மட மெசினில இருந்தனான்" என்றான் அவசரமாக. "வெள்ளிக்கிழமை. சொல்லிப் போட்டன். அந்த லிஸ்ற்றில அக்காவின்ர பேர் இருந்தது."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று அவன் காத்திருந்தான். தன் கதிரை, தன் பெயர், ஓர் இரவு முழுக்கக் கேட்ட கேள்விகள் எல்லாம் அவளுக்கு நினைவில் இல்லைப் போலிருந்தது.

"லீலாக்காவோ?" என்றாள். "ஐயோ, பாலா... இவ்வளவு நாளும் தனியவோ வைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?" உடனே இன்னொன்று தோன்றி அவள் கை வாய்க்குப் போயிற்று. "பிள்ளை எங்க? ஒன்பது வயசல்லே... அது ஆரோட இருக்குது?"

இளையவரின் பேனா நின்றது. அவர் கொப்பியின் பக்கங்களைப் பின்னால் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, மூத்தவரிடம் தள்ளினார். அந்தத் தளத்துக்குப் போன தகவலின் பிரதி அங்கே இருந்தது. இளையவர் அதைச் சிங்களத்தில் மெல்ல மொழிபெயர்த்தார். பிறகு றீற்றா இப்போது கேட்டதையும் மொழிபெயர்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

மூத்தவரின் கண்ணிலிருந்த தயக்கம் போயிற்று.

"இல்லை, இல்லை" என்று பாலேந்திரன் எழுந்தான். "அவவுக்கு என்ர அக்காவைத் தெரியும். எல்லாரும் அதைத்தானே கேப்பினம். ஆரெண்டாலும் முதல்ல பிள்ளையைத்தானே கேப்பினம்!" தான் தமிழில் கத்துவது அவனுக்குத் தெரியவில்லை.

அவனுடைய வாக்குமூலத்தைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். கொழும்புக்குப் போகும் கோப்பில் அதையும் சேர்த்தார்கள். அவனைப் போகச் சொன்னார்கள்.

பதினொரு மணியளவில் கொழும்புக்குப் போகும் ஜீப் வெளியே வந்தது. பாலேந்திரன் வீதியோரத்தில் நின்றான். பின் இருக்கையில் இரண்டு பெண் பொலிஸாருக்கு நடுவே றீற்றா இருந்தாள். அவனைக் கண்டதும் கண்ணாடியில் நெற்றியை வைத்து, சத்தமில்லாமல், உதடுகளால் மட்டும் ஏதோ சொன்னாள்.

"அழுங்கோ" என்றுதான் அவனுக்குப் பட்டது.

ஜீப் பேராதனை வீதியில் திரும்பி மறைந்தது. பாலேந்திரன் அங்கேயே, பஸ்ஸுக்கு நின்ற சனங்களுக்கு நடுவில், அக்காவுக்காக முதன்முறையாக அழத் தொடங்கினான்.