தட்டினால் விட வேண்டும்

வீட்டாருக்கும், அலுவலகத்தாருக்கும், மாடிப்படியில் எதிர்ப்பட்ட அத்தனை பேருக்கும் முறைப்படி அறிவிக்கப்பட்ட மாபெரும் செய்தி இது: சிமெண்ட் கம்பெனியின் உதவிப் பொது மேலாளர், சுருக்கமாக ஏ.ஜி.எம்., தமது ஐம்பத்திரண்டாம் வயதில் பிரேசிலியன் ஜூ-ஜிட்சு கற்கத் தொடங்கிவிட்டார். அது அடிக்கிற கலை அல்ல. கட்டிப் புரண்டு, எதிராளியைத் தரையோடு அமுக்கிப் பிடிக்கிற கலை. இந்த விளக்கத்தையும் அவரே யாரும் கேட்காமலே எல்லோருக்கும் வழங்கினார்.

காரணத்தை மட்டும் வெளியே சொல்லவில்லை. காரணம் வீட்டின் பின்னறையில் இருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நினைவு தப்பிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் பச்சைக் குழந்தை. பொழுது சாய்ந்தால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். "அஞ்சாவது மாடியில ஆள் மாட்டிக்கிட்டிருக்கு. வழிய விடுங்க." விடாவிட்டால் அடிப்பார். ஸ்பானர் பிடித்த கை. தனக்கு வயதாகிவிட்ட தகவல் அந்தக் கைக்கு மட்டும் வந்து சேரவில்லை. ஒருநாள் மருமகளின் மணிக்கட்டை அவர் பிடித்து முறுக்கியதில், அது கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கிப்போனது.

"இன்னொரு தடவை மாமா கை நீட்டினார்னா, முதியோர் ஹோம்லதான் விடணும்," என்றாள் மனைவி. கத்திச் சொல்லவில்லை. அதுதான் ஏ.ஜி.எம்.மைக் கலக்கியது.

"எங்கப்பாவை அங்க கொண்டுபோய்த் தள்ளிட்டு நான் இங்க உக்காந்து சாப்பிடணுமா? யாருக்கும் அடிபடாம அமுக்கிப் பிடிக்க வழி இருக்கு. நான் கத்துக்கிறேன்."

"நீங்க கத்து முடிக்கிறவரைக்கும் பொறுமையா இருங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

ஏ.ஜி.எம். இதைக் கிண்டல் என்று வகைப்படுத்தி ஒதுக்கிவிட்டார்.

வகுப்பு மாலை ஆறரைக்கு. அப்பாவுக்கு அஞ்சாவது மாடி ஞாபகம் வருவதும் ஏறக்குறைய அதே நேரம்தான்.

டயர் கடைக்கு மேலே ஒரு கூடம். தரை முழுக்க மெத்தை, காற்று முழுக்க வியர்வை. ஏ.ஜி.எம்.முக்குக் கொடுத்த வெள்ளைப் பட்டை அவர் வயிற்றைச் சுற்றி வந்து, ஒரு முடிச்சோடு ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது. மாஸ்டர் ஓர் இளைஞர். காது இரண்டும் யாரோ பிசைந்துவிட்டுப் போன மாவுபோல் கசங்கியிருந்தன.

"இங்க ஒரே சட்டம்தான். வலிச்சா, மூச்சு முட்டினா, தட்டுங்க. பிடிச்சிருக்கிறவர் மேல தட்டுங்க, இல்ல தரையில தட்டுங்க. தட்டினா உடனே விட்டுடணும். ஏன்னு கேக்கக் கூடாது."

இது மற்றவர்களுக்கான சட்டம் என்ற பாவனையில் ஏ.ஜி.எம். தலையசைத்தார்.

அவருக்கு வாய்த்த ஜோடி, பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் பெண். எடையில் அவரில் பாதி. ஒட்டினால் விடமாட்டாள் என்பதால் கூடத்தில் அவள் பெயர் கோந்து. கண்மூடித் திறப்பதற்குள் அவர் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, அவருடைய காலராலேயே அவர் கழுத்தை இறுக்கினாள். ஏ.ஜி.எம். கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் முகத்தோடு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தட்டுங்க."

"பரவால்ல... மேனேஜ் பண்றேன்."

"எதை சார் மேனேஜ் பண்றீங்க? மூச்சே வரலையே உங்களுக்கு!"

கண் இருட்டிக்கொண்டு வந்தபோது அவளே பதறிப்போய்ப் பிடியை விட்டாள். "தட்டாம உயிரை விட்டா ப்ரமோஷனா குடுப்பாங்க?" என்று கேட்டாள். கூடமே சிரித்தது.

ஆனால் கழுத்துக்குக் கௌரவம் தெரியாது. சில வகுப்புகளிலேயே அவர் கை தானாகத் தட்டக் கற்றுக்கொண்டது. பிடித்தால் தட்டினார்; பிடிக்க வந்தாலே தட்டினார். மற்ற வித்தை எதுவும் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்து, எதிர்ப்பின்மையின் தத்துவம் பற்றி மனைவிக்கு விரித்துரைத்தார். அவள் முழுக்கை ரவிக்கையோடு, நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

ஒருநாள் மாஸ்டருக்குக் காய்ச்சல், வகுப்பு இல்லை. பொழுது சாய்ந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மனைவி பழகிய காலோடு வாசற்கதவின் குறுக்கே போய் நின்றாள்.

"நீ தள்ளு. நான் பாத்துக்கறேன்," என்றார் ஏ.ஜி.எம்.

இடுப்பைப் பிடித்து மெதுவாகத் தரையில் சாய்க்க வேண்டும். சாய்ந்தது ஏ.ஜி.எம்.தான். செருப்பு ஸ்டாண்டுக்கும் கதவுக்கும் நடுவில் அவர் கிடக்க, அப்பாவின் முழங்கை அவர் தொண்டையில் இறங்கியது. வித்தைகளெல்லாம் மறந்துபோயின. கை மட்டும் தரையைத் தட்டியது.

அப்பா சட்டென்று நின்றார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"உள்ள யாரு?" முழங்கை விலகியது. "பயப்படாதீங்க சார். வந்துட்டேன். கதவுகிட்ட நிக்காதீங்க. ரெண்டு நிமிஷத்துல திறந்துடறேன்."

மகனின் தோளைத் தடவிக் கொடுத்தபடி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சாரின் முகம் அவருக்குத் தெரிந்த முகமாக இல்லை.

ஏ.ஜி.எம். கண்ணில் நீரோடு எழுந்தார். "பாத்தியா? தட்டினா விடறார்! இவ்வளவுதான் விஷயம். இனிமே நீயும் தட்டு. ஹோமெல்லாம் வேண்டவே வேண்டாம்."

மனைவி ரவிக்கையின் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேலே விரல் பதிந்த தடங்கள். பழையது மஞ்சளாக, அதன்மேல் புதியது நீலமாக.

"நீங்க அங்க உருண்டுக்கிட்டிருந்தப்ப, இங்க அவரை யாரு பிடிச்சாங்கன்னு நெனச்சீங்க?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. மணிக்கட்டைக் காட்டிச் சொன்னேன். நான் அன்னைக்கே தட்டிட்டேங்க. நீங்கதான் விடல."

ஏ.ஜி.எம்.முக்கு ஏன் என்று கேட்கக் கூடாது என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

"ஏம்மா," என்றார் அப்பா, கதவைப் பார்த்தபடி, "உள்ள இன்னும் ஆள் இருக்கா?"

சனிக்கிழமை அவரை ஹோமில் சேர்த்தார்கள். அது ஒரே தளக் கட்டடம், லிஃப்ட் கிடையாது.