ஒற்றைப்படை வீடுகளின் முதல் எறி

கைவண்டியில் மெத்தை போட்டிருந்தார்கள். கெசீனாவுக்கு அதைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. பிப்ரவரியில் தெருத் திருவிழா என்றால் சாராயப் புட்டிகளும் குட்டிக் குவளைகளும் ஏறி வரும் வண்டி அது. இந்த வருஷம் புட்டிகளை மூலைக்குத் தள்ளிவிட்டு நடுவில் பூப்போட்ட மெத்தை, மடியில் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி. யாருக்கு என்று கேட்கவே வேண்டாம். தெருவில் ஆகஸ்ட் மாதம் மூளையில் ரத்தம் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவள் அவள் ஒருத்திதான். உயிர் தப்பியது, கால் தப்பியது, வலது கை மட்டும் அன்றிலிருந்து சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

முப்பத்தோரு வருஷம் இந்தத் தெருவில் தபால் கொடுத்தவளை வண்டியில் வைத்து இழுக்கப் போகிறார்களாம். ஏற்பாடு எல்லாம் எட்டாம் நம்பர் ஹாபோவுடையது. நல்லவன்தான். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் யாரைப் பார்த்தாலும் கைபிடித்து ரோடு தாண்டிவிடத் தோன்றும் அவனுக்கு. இரட்டைப்படை வீடுகளின் அணித்தலைவனும் அவன்தான். கெசீனா பதினேழாம் நம்பர், ஒற்றைப்படை அணி.

திருவிழா அன்று இரு அணியும் ஆடுகிற போஸல் விளையாட்டில் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. ஒரு கிலோ கனமுள்ள பந்தைத் தார் ரோட்டில் உருட்டி எறிய வேண்டும். அது நின்ற இடத்திலிருந்து அதே அணியின் அடுத்த ஆள் எறிவார். ரோட்டை விட்டு வாய்க்காலில் விழுந்தால், விலகிய இடத்திலிருந்து எறிய வேண்டும். மூன்று கிலோமீட்டர் தள்ளி, கடற்கரையை ஒட்டிய நீரேற்று நிலையத்தைக் குறைந்த எறிகளில் எட்டுகிற அணிக்கு வெற்றி. ஆட்டம் முடிந்ததும் கீரை விருந்து; போன வருஷ விருந்தில் கீரைராணியாக முடிசூட்டப்பட்டவர் இந்த வருஷம் தன் அணிக்கு முதல் பந்தை எறிவது வழக்கம். போன வருஷ ராணி கெசீனா.

"நீங்க பந்தத் தொட்டுக் குடுத்தாப் போதும்," என்றான் ஹாபோ, கம்பளியை உதறியபடி. "எறியறத என் பொண்ணு பாத்துக்குவா."

"உன் பொண்ணு இரட்டைப்படை வீட்டுக்காரி. எங்க பந்த அவ எதுக்கு எறியணும்?"

"அது... சும்மா ஒரு மரியாதைக்கு."

"என் மரியாதைய நான் பாத்துக்கறேன். நீ தள்ளி நில்லு."

பந்தை இடது கையில் எடுத்தாள். உறைபனிக் காற்று கண்ணில் நீர் வரவழைத்தது. நாற்பது பேர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாலு எட்டு ஓடி எறிந்தாள். பந்து கையைவிட்டு ஒரு நொடி பிந்திக் கிளம்பியது. ஒரு பதினைந்து அடி நேராகத்தான் போனது, பிறகு இடப்பக்கம் சாய்ந்து, புல்லில் ஒரு துள்ளு துள்ளி, வாய்க்காலின் மெல்லிய பனித்தகட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

எல்லோரும் கை தட்டினார்கள். இரு அணியும் சேர்ந்து, பிரமாதம் பிரமாதம் என்று. கெசீனாவுக்கு முகம் சுட்டது. இந்தத் தெருவில் வாய்க்காலில் விழுந்த பந்துக்கு யாரும் கை தட்டியதில்லை. ஊளையிடுவார்கள், மீன் பிடிக்கப் போறியா என்பார்கள், விருந்து முடியும்வரை ஓட்டித் தீர்த்துவிடுவார்கள். கை தட்டல் செத்தவர்களுக்கு வைக்கிற மாலை மாதிரி இருந்தது அவளுக்கு.

"இது சும்மா பழகிப் பாத்தது," என்று ஹாபோ கூட்டத்தைப் பார்த்து அறிவித்தான். "கணக்குல சேத்தி இல்ல. ரேம்ட், நீங்க முதல்லேருந்து எறிங்க."

ரேம்ட் பத்தொன்பதாம் நம்பர், அவளுடைய அணி, அடுத்த வீட்டுக்காரர். எழுபது வயதிலும் தோற்றால் ஒரு வாரம் யாரோடும் பேசாத மனுஷன். அவர் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கெசீனா நடந்து போய், பந்து ரோட்டைவிட்டு விலகிய இடத்தில் நின்றாள். "இங்க கோடு போடு."

"விடுங்க கெசீனா, யாருக்கும் ஆட்சேபணை இல்ல..."

"எனக்கு இருக்கு. சாக்பீஸ் உன் பையிலதான இருக்கு? போடு."

அவன் சிரித்துச் சமாளித்தான். அவள் அப்படியே உறைந்த ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் பால்காரரின் டிராக்டர் வந்து நின்றது. பின்னோடு இரண்டு கார்கள்.

"போன வருஷம் ரேம்ட் போட்ட பந்து மாட்டுத் தொட்டிக்குள்ள போச்சு. பழகிப் பாத்ததுன்னு சொன்னியா? ஈஸ்டர் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சல்ல?"

"அது வேற, இது..."

"என்ன வேற? சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

டிராக்டர்காரர் ஒலிப்பானை அழுத்தினார்.

"பதினஞ்சடி போச்சு. என்னோட பதினஞ்சடி. அத அழிக்க நீ யாரு? கோடு போடுறவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன். வேணும்னா டிராக்டர ஏத்தச் சொல்லு."

அதற்குள் ரேம்ட் நீளக் கழியில் கட்டிய கம்பிக் கூடையை வாய்க்காலில் விட்டுத் துழாவிப் பந்தை எடுத்துவிட்டார். சொட்டச் சொட்டக் கொண்டுவந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தார். ஹாபோ மண்டியிட்டான். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

நீரேற்று நிலையம்வரை கெசீனா நடந்தே போனாள். மெத்தை காலியாகப் பின்னால் வந்தது. அவள் முறை இன்னும் இரண்டு தடவை வந்தது. ஒன்று மறுபடி வாய்க்காலில், ஒன்று நாற்பதடி, நேராக. கடைசியில் இரட்டைப்படை அணி அறுபத்திரண்டு எறி, ஒற்றைப்படை அணி அறுபத்து மூன்று. அந்த ஒரு எறி யாரால் கூடியது என்று கணக்குப் போடச் சின்னப் பிள்ளை போதும். ஆனால் யாரும் போடவில்லை. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

ரேம்ட் மட்டும் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "உன்னாலதான்டி தோத்தோம்! மூணு வாரமா உன் வீட்டு நடைல பந்த உருட்டி என் சுவத்த இடிச்சியே, நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேனே, இதுக்குத்தானா? கைய முன்னாடியே விடணும், முன்னாடியே! வாய்க்கால்ல என்ன புதையலா வச்சிருக்க?"

"ரேம்ட், போதும்..." என்று ஹாபோ பதறினான்.

"நீ சும்மா இரு," என்றாள் கெசீனா. ஆகஸ்டிலிருந்து ஒருவர்கூட அவளைத் திட்டியதில்லை. நெஞ்சு நிறைந்துவிட்டது. "உன் கடைசி எறி மட்டும் என்னய்யா கிழிச்சது, நத்தை மாதிரி?" என்று திருப்பிக் கொடுத்தாள். இருவரும் விருந்துக்கூடத்து வாசல்வரை கத்திக்கொண்டே போனார்கள்.

தோற்ற அணி பரிமாற வேண்டும். வென்றவர்கள் மேசையைக் குத்தி, "எங்க கீரை? எங்க கீரை?" என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆவி பறக்கும் பச்சைக் கீரைச் சட்டியை ரேம்ட் பிடித்துக்கொள்ள, கெசீனா இடது கையில் கரண்டியோடு வரிசையாக வந்தாள். அவள் பக்கத்தில் வந்ததும் கரண்டியை வாங்கிக்கொள்ள ஹாபோ பாதி எழுந்தான். அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான்.

கரண்டி சாய்ந்தது. கீரை பாதி தட்டில் விழுந்தது, பாதி அவனுடைய வெள்ளைச் சட்டைக் கையில். மேசை முழுக்க ஊளையிட்டது. அவள் மறுபடியும் கரண்டியைச் சட்டிக்குள் விட்டு, வழிய வழிய அள்ளினாள்.