ஒன்றரை அடி

நெற்றியைத் துடைக்கும்போது செல்வலட்சுமியின் கை அந்தக் காய்ப்பில் வந்து நின்றது. அப்பாவின் உடம்பை அழுத்தித் துடைத்தவள், புருவத்துக்கு மேலே கறுத்துத் தடித்திருந்த அந்த இடத்தை மட்டும் துணியால் ஒற்றி எடுத்தாள். இந்த வீட்டு வாசல் ஆறு வருடமாக இடித்து இடித்து உண்டாக்கியது அது.

முற்றத்தில் வைத்துத்தான் குளிப்பாட்ட வேண்டும். ஆனால் விடிந்ததிலிருந்து முற்றத்தில் கணுக்கால் அளவு கால்வாய்த் தண்ணீர். கடல் ஏறும் நாட்களில் மட்டாஞ்சேரிக் கால்வாய் எதிர்த்து ஏறித் தெருவுக்குள் வந்துவிடும். அதை இங்கே யாரும் வெள்ளம் என்றுகூடச் சொல்வதில்லை. அதனால் இசக்கிமுத்துவை வீட்டுக்குள்ளேயே குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, திருநீறு பூசி, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர்கள் ஆட்கள் இறந்தவரை உட்கார வைத்துத்தான் தூக்குவார்கள். சித்தப்பா சுப்புராஜ் தலையை நிமிர்த்தி, நாற்காலி முதுகோடு துணியால் சேர்த்துக் கட்டினார்.

நான்கு பேர் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். தலை நிலையில் முட்டியது. நாற்காலி போகவில்லை.

"சாய்ச்சுப் பாருங்க" என்றார் சித்தப்பா. சாய்த்தும் போகவில்லை.

"கட்டை அவுத்துருவோம்" என்றான் தம்பி பாண்டியராஜன். "தலையைக் கொஞ்சம் முன்னால குனிய வச்சாப் போயிரும்."

செல்வலட்சுமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் வந்த பெரிய வெள்ளம் வடிந்த பிறகு தரையை ஒன்றரை அடி உயர்த்தியவன் இவன்தான். அப்போதே அப்பா சொன்னார். "தரைய ஒசத்துனா நிலையையும் ஒசத்தணும்லே. தொண்ணூத்திரண்டுல ஆத்து வெள்ளம் நம்ம சொந்த ஊரையே அள்ளிட்டுப் போச்சு. ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துல கெடந்தோம். ஆனா ஒவ்வொரு வீட்டையும் நிலையோட தூக்கித்தான் கட்டுனோம். இன்னைக்கும் அங்க எவனும் குனிஞ்சு வீட்டுக்குள்ள போறதில்ல." பாண்டிக்கு மூன்று நாள்தான் லீவு. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றான். காக்கநாட்டில் இருபது மாடிக் கட்டடங்களுக்கு வாசல் வைக்கிற மேஸ்திரிக்கு, பெற்ற அப்பனுக்கு ஒரு வாசல் வைக்க ஆறு வருடம் போதவில்லை.

இத்தனைக்கும் அந்த ஒன்றரை அடியால் ஒரு புண்ணியமும் இல்லை. மறு வருடமே சீரமைப்பு என்று சொல்லித் தெருவையும் அதே அளவு உயர்த்திவிட்டார்கள். தண்ணீர் வந்ததும், ஆறடி மனிதர் குனிந்ததும்தான் மிச்சம். இடித்துக்கொள்ளும்போதெல்லாம் நெற்றியைத் தேய்த்தபடி, "வயசான காலத்துல வளந்துட்டேன் போல" என்பார். செல்வலட்சுமியும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அதை நினைத்ததும் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பக்கத்து வீட்டு மலையாளி அனில் தண்ணீரில் நின்றபடி குரல் கொடுத்தார். "சேச்சி, தண்ணி கேறுது. இனியும் நின்னா முட்டளவு வரும். வண்டி ரோட்டுலதான் நிக்குது. பெட்டென்னு, சீக்கிரமா எடுக்கணும்."

"படுக்க வச்சே கொண்டு போயிருவோமாம்மா?" என்றார் சித்தப்பா. "தெருமுனையில உக்கார வச்சுக்கிடலாம்."

"முடியாது சித்தப்பா. இந்த வாசலை விட்டு அவரு தலை நிமிந்துதான் போகணும்." அவள் அனிலிடம் திரும்பினாள். "சேட்டா, உங்க வீட்ல கடப்பாரை இருக்குல்ல?"

கடப்பாரை வந்தது. கதவு நிலைக்கு மேலே காற்றுக்காக மரச்சட்டம் அடித்த ஒரு திறப்பு உண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்குக் கட்டை. அந்தக் கட்டைதான் அப்பாவை ஆறு வருடம் இடித்தது. நாற்காலியைப் பின்னால் நகர்த்தச் சொல்லிவிட்டு அவளே ஓங்கி ஒரு அடி அடித்தாள். வீடு அதிர்ந்தது.

"அக்கா, ஆளுக பாக்காங்க."

"பாக்கட்டும். அவரு குனிஞ்சதையும் இவங்கதானல பாத்தாங்க?" இரண்டாவது அடியில் மரம் விரிந்தது. அவள் கடப்பாரையை அவன் பக்கம் நீட்டினாள். "என்னல நிக்க? இன்னைக்கும் லீவு இல்லையோ?"

பாண்டியராஜன் வாங்கிக்கொண்டான். தொழில் தெரிந்தவன். நான்கே அடியில் கட்டையும் மேல்சட்டமும் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தன. இவ்வளவுதான் வேலை. இதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அப்பாவின் தலையில் விழுந்த தூசியைச் செல்வலட்சுமி முந்தானையால் தட்டினாள். நாற்காலியைத் தூக்கினார்கள். கழுத்து மாலைகூட உரசவில்லை. அப்பா நேராகப் பார்த்த வாக்கில் வெளியே போனார்.

அவர்கள் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டாள். குளித்து, ஈரப் புடவையோடு அடுக்களை ஓரமாக உட்கார்ந்தாள். வாசலில் இதுவரை இல்லாத வெளிச்சம் தரை முழுக்கக் கிடந்தது. கட்டை பெயர்ந்த இடத்தில் நான்கு ஆணிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

மத்தியானம் தண்ணீர் இறங்கியதும் ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தார்கள். சித்தப்பா பழக்கத்தில் குனிந்து உள்ளே வந்தார். அனிலும் அப்படியே குனிந்தார். கடைசியாக வந்த பாண்டியராஜன் வாசலில் நின்று, தலைக்கு மேலே இருந்த வெற்றிடத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தான்.

பிறகு அவனும் குனிந்தே உள்ளே வந்தான்.