அடித்தல் திருத்தல் உள்ள அட்டவணை

எங்கள் வீட்டில் அத்தை பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டாள்: "அவனை அங்கேருந்து மாத்திடலாம்."

அவன் என்றது என் சித்தப்பாவை. அத்தை, அப்பா, சித்தப்பா என்று மூன்று பேர், சித்தப்பா கடைக்குட்டி. முப்பத்திரண்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் கிண்டலுக்குக் குறைவில்லை. ஏழு மாதமாக ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். படுக்கையில் தானாகப் புரள முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை யாராவது பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும்.

அத்தைக்கு அந்த இல்லம் பிடிக்கவில்லை. சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, லிஃப்ட் முனகுகிறது, பக்கத்துக் கட்டில்காரர் இருமுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கம் மாற்றிய நேரத்தைக் குறிக்கக் கட்டிலில் தொங்கும் அட்டவணை.

"எத்தனை அடித்தல், எத்தனை திருத்தல்! ரெண்டாங்கிளாஸ் பையன் நோட்டு மாதிரி இருக்கு. ஆளைப் பாத்துக்கற லட்சணம் அதுலயே தெரியலையா?"

புதிதாகத் திறந்த இன்னொரு இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அப்பா என்னைப் பார்த்தார். "ரெண்டு இடத்தையும் நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லும்மா. நீதானே இதுக்குப் படிக்கிறே."

நான் படிப்பது இதற்கு இல்லை. பகலில் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில் மூடிகளைச் சோதிக்கிறேன். செவ்வாயும் வியாழனும் மாலை வகுப்பில் தரக் கட்டுப்பாடு படிக்கிறேன். மூடி ஒழுகினால் தூக்கிப் போட்டுவிடலாம். சித்தப்பா விஷயத்தில் என் கணிப்பு தப்பாகிவிட்டால்? அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை, "மூடியையே பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கறவ, மனுஷனைப் பாக்க மாட்டாளா?" என்று முடித்துவிட்டாள்.

அன்றே நோட்டில் இருபது கேள்விகள் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள், நகம் வெட்டியிருக்கிறதா, அட்டவணை ஒழுங்காக இருக்கிறதா. எழுதி முடித்த பிறகு இருபது போதுமா என்று சந்தேகம் வந்தது. இருபத்தொன்று எழுதினால் நூறுக்குக் கணக்கு வராது என்பதால் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை, மணி 4.20. பழைய இல்லத்தில் சித்தப்பாவின் கட்டில் காலியாக இருந்தது. தேடிப் போனால், சக்கர நாற்காலியில் லிஃப்ட் கதவுக்கு முன்னால் தலையைச் சாய்த்து, பாட்டுக் கேட்பவர்போல உட்கார்ந்திருந்தார். நாற்காலியைப் பிடித்தபடி பணிப்பெண் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், கட்டையான உருவம். எல்லோரையும் விரட்டி வேலை வாங்குவதால் சித்தப்பா அவருக்கு வைத்த பெயர் மேஸ்திரி.

"வாங்க இன்ஸ்பெக்டரம்மா. சோதனையா?" என்றார் சித்தப்பா.

"இல்ல சித்தப்பா, சும்மாதான்…"

"சும்மா வர்றவ கையில ரெண்டு கலர் பேனா எதுக்கு? உங்க அத்தை அனுப்பிச்சிருக்கா."

மேஸ்திரி என்னிடம் முறையிட்டார். "மூணாவது மாடியில நிக்கும்போது ஏதோ சத்தம் வருதாம். பத்து நாளா இதே பாட்டு. நாலு மணிக்குப் படுக்க வாங்கன்னா வரமாட்டேங்கறார். பொண்டாட்டி கட்டாத மனுஷன் லிஃப்டைக் கட்டிக்கிட்டார்."

"பிரேக் தேயுது மேஸ்திரி. ஆபீஸ்ல சொல்லி வை. அது நடுவுல நின்னா நீதான் உள்ளே மாட்டுவே. எனக்கென்ன, நான் இங்கயேதான்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல், "வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடும், இல்ல?" என்றார்.

"உங்களுக்கு எங்கே இருக்கப் பிடிக்கும் சித்தப்பா?"

"எனக்கென்னம்மா, எங்கே போட்டாலும் படுத்துக்கிட்டுதானே இருக்கப்போறேன். அக்கா சொன்னாச் சரி."

அறைக்குத் திரும்பியபோது பக்கத்துக் கட்டில் தையல்காரர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "ரெண்டு நாளா தட்டுல பாதியை வச்சிடறார். ஃபேன் வேகத்துக்குக்கூட என்கிட்ட சண்டை போடல. எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு இருமினார்.

மேஸ்திரியும் இன்னொருவரும் சித்தப்பாவைத் தூக்கி இடது பக்கமாகப் படுக்கவைத்தார்கள். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. சாப்பாட்டில் பாதியை மீதி வைத்ததற்காகத் திட்டிக்கொண்டே மேஸ்திரி அவர் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி, விரலை எடுத்து, நிறம் பார்த்தார். மறுகாலிலும் அப்படியே. என் இருபது கேள்விகளில் அது இல்லை. அதனால் குறித்துக்கொள்ளவில்லை.

பிறகு அட்டவணையில் 4.00 என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு எழுதினார்: "லிஃப்ட் பக்கம் இருந்தார். 4.40, இடது." அதற்கு மேலே பார்த்தேன். "வரமாட்டேன் என்றார். 12.20." "தூங்கினார், எழுப்பவில்லை. 2.15." அத்தை சொன்னது சரிதான் என்று தோன்றியது. அட்டவணைக்கு ஐந்துக்கு ஒன்று போட்டேன். மொத்தம் அறுபத்தொன்று.

செவ்வாய்க்கிழமை, மணி 5.10. புது இல்லத்தில் தரையில் முகம் பார்க்கலாம். மேலாளர் கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர். நான் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார். மணியை அழுத்திப் பார்த்தேன், இரண்டு நிமிடத்தில் ஒரு பெண் வந்தாள். ஜன்னலோரக் கட்டிலில் சித்தப்பா வயதுள்ள ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டுமாம். மேசைமேல் மூடி போட்ட தண்ணீர்க் கிளாஸ். கட்டில் காலில் அட்டவணை. ஒரே நீல மையில், ஒரே சாய்வில் குறிகள், அச்சடித்ததுபோல. எனக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்போல இருந்தது. மாதிரிக்கு வைத்துக்கொள்ள அந்தப் பத்தியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். தொண்ணூற்று மூன்று மதிப்பெண்.

வகுப்புக்குப் போகும் வழியில் அத்தைக்கு போன் செய்து சொன்னேன். "நான் சொல்லல?" என்றாள். அந்த இரண்டு சொல்லில் ஒரு வாரத்துச் சந்தோஷம் இருந்தது.

புதன்கிழமை மதிய இடைவேளையில் தொழிற்சாலையில் உட்கார்ந்து, அத்தைக்குக் காட்ட இரண்டு மதிப்பீடுகளையும் நல்ல எழுத்தில் எழுதினேன். எதை எழுதினாலும் தலைப்பில் நேரம் போடுவது என் வழக்கம். செவ்வாய், 5.10. கீழே அட்டவணை. காலை எட்டு, குறி. பத்து, குறி. பன்னிரண்டு, இரண்டு, நான்கு. மாலை ஆறு, குறி. இரவு எட்டு, குறி.

பேனா நின்றது. நான் அங்கே இருந்தது ஐந்து பத்துக்கு. ஆறு மணி அப்போது வரவே இல்லை.

முதலில் சந்தேகப்பட்டது என்னைத்தான். கட்டம் போட்டால் கை தானாகக் குறி போட்டுவிடும். மூடிகளை எண்ணும்போது எனக்கு அப்படி நடந்திருக்கிறது. பார்த்ததை எழுதினேனா, எழுதியதைப் பார்த்ததாக நினைக்கிறேனா? சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் வைத்துவிட்டேன். சித்தப்பாவை ஒரு இல்லத்திலிருந்து இன்னொரு இல்லத்துக்கு அனுப்பும் காகிதம் என் மடியில் இருந்தது.

வியாழக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. மணி 5.05. "இன்னொரு தடவை பாக்கணும்" என்றதும் மேலாளருக்கு மகிழ்ச்சி. "தாராளமா பாருங்க!" என்று சொல்லிவிட்டு வேறு விருந்தினர்களைக் கவனிக்கப் போனார். ஜன்னலோரக்காரர் அதே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அட்டவணையில் ஆறும் எட்டும் குறி வாங்கி முடித்திருந்தன. என் கை தப்புச் செய்யவில்லை. அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தரை. ஆறு. ஆறு இருபது. யாரும் வரவில்லை. மணியை அழுத்தினேன். இரண்டே நிமிடத்தில் அந்தப் பெண் வந்தாள்.

"சொல்லுங்க மேடம்?"

"இவரைப் பக்கம் மாத்திப் படுக்க வைக்கணும்."

அவள் அட்டவணையைப் பார்த்தாள். "ஆறு மணிக்கு மாத்தியாச்சே."

"நான் அஞ்சு மணியிலேருந்து இந்த நாற்காலியிலதான் இருக்கேன்."

அவள் முகம் வாடிவிட்டது. என் வயதுதான் இருக்கும். குரலை இறக்கி, "முப்பது பேருக்கு நாங்க ரெண்டே பேர், அக்கா. யாராவது பாக்க வந்தா நல்லா இருக்கணும்னு காலையிலேயே எல்லாம் போடச் சொல்லிட்டாங்க. மணி அடிச்சா மட்டும் ஓடி வந்துடணும்" என்றாள்.

இரண்டு பேருமாக அவரைத் திருப்பினோம். மேஸ்திரி செய்ததுபோல அவர் குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். சிவந்திருந்த இடம் அழுத்தினாலும் வெளுக்கவில்லை; புண் தொடங்கிவிட்டது. அவர் கண் திறந்து, "தண்ணி" என்றார். கிளாஸ் மேசைமேல் இருந்தது. தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்ற கேள்விக்கு ஐந்து மதிப்பெண் போட்டிருந்தேன். எட்டியது என் கைக்குத்தான். அவர் கிளாஸ் முழுவதையும் குடித்தார்.

மேலாளரிடம் குதிகாலைப் பற்றிச் சொன்னேன். டாக்டரைக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடும்வரை பக்கத்தில் நின்றேன். இல்லங்களைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு, பார்த்த நேரங்களை எல்லாம் போட்டு ஒரு புகார் எழுதினேன். அப்பாவும் கையெழுத்துப் போட்டார்.

அத்தையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"தொண்ணூத்து மூணுன்னியே!"

"தப்பாப் போட்டுட்டேன் அத்தை."

"பழைய இடத்துக்கு?"

"அதுவும் தப்பு."

"அப்போ உன் படிப்பு எதுக்குடி? ஏட்டுச் சுரைக்காயா?"

"ஆமா அத்தை. அங்கே அவங்க அட்டவணை, இங்கே என் மார்க்கு, ரெண்டுமே ஏட்டுச் சுரைக்காய்தான்." பிறகு மென்று முழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். குதிகாலைப் பற்றிக் கேட்டதும் அத்தை, "நாளைக்கு நானும் வரேன். அந்த அட்டவணையை நானே படிக்கணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை, மணி 3.40. அத்தையும் அப்பாவும் நானும் பழைய இல்லத்தில் இருந்தோம். சித்தப்பா சக்கர நாற்காலியில், சவரம் செய்து, தலை வாரி, தீர்ப்புக் கேட்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். துணிமணி வைக்கும் பை மடியில் இருந்தது.

அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டிலிலிருந்து அட்டவணையை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். தையல்காரர்கூட இருமலை அடக்கிக்கொண்டார்.

"'கால் மரத்தது என்றார், தேய்த்துவிட்டேன். 6.10.' 'கோபமாக இருந்தார். 8.30.'" அத்தை நிமிர்ந்தாள். "எதுக்குடா கோபம் உனக்கு?"

"அன்னைக்கு ஃபேன் விஷயமா…" என்றார் சித்தப்பா.

"அவர்தான் ஆரம்பிச்சார்" என்றார் தையல்காரர்.

"'வரமாட்டேன் என்றார்.' 'வரமாட்டேன் என்றார்.' 'லிஃப்ட் பக்கம் இருந்தார்.' நாலு மணின்னா நாலு மணிக்குப் படுக்க வேண்டியதுதானே? இந்தப் பொண்ணுக்கு வேற வேலை இல்லையா? உன்னாலதான் தாள் பூரா அடிச்சு வச்சிருக்கு!"

வாசலில் நின்ற மேஸ்திரி, "நல்லாக் கேளுங்கம்மா, என் பேச்சு எடுபடல" என்றார்.

அத்தை அந்தப் பையை சித்தப்பாவின் மடியிலிருந்து எடுத்து, அலமாரிக்குள் வைத்து, கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான் தீர்ப்பு. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய இடது கை நாற்காலிப் பிடியை விட்டுவிட்டு, மறுபடி பிடித்தது.

"அந்த லிஃப்ட்ல பிரேக் தேயுதுக்கா" என்றார், குழறலாக.

"தெரியும். ஏறி வரும்போது உயிரே போச்சு. இவகிட்ட சொல்லு, அதுக்கும் ஒரு புகார் எழுதுவா."

"நேத்தே ஆள் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. இவர் சொன்ன இடத்துலயேதான் தேய்ஞ்சிருக்காம்" என்றார் மேஸ்திரி. சித்தப்பா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தையல்காரரை மட்டும் இரண்டு முறை பார்த்தார்.

பேச்சு வேறு எங்கெங்கோ போனது. அத்தை மேஸ்திரிக்குக் கால்வலி எப்படி என்று விசாரித்தாள். தையல்காரர் ஃபேனை ஒரு புள்ளி கூட்டச் சொன்னார். சித்தப்பா கூடாது என்றார். மேஸ்திரி எல்லோரையும் விரட்டி, சித்தப்பாவைப் படுக்கவைத்து, இரண்டு குதிகாலையும் அழுத்திப் பார்த்தார். இந்த முறை அத்தையும் குனிந்து பார்த்தாள். வெளுத்த இடம் உடனே சிவந்தது.

மேஸ்திரி அட்டவணையில் 4.00 ஐ அடித்துவிட்டு எழுதினார்: "வீட்டார் வந்திருந்தார்கள். 4.30, இடது."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

"அக்கா, மணி நாலு முப்பத்தாறு."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். முப்பதை அடித்துவிட்டு, மேலே முப்பத்தாறு என்று எழுதினார்.