ஒரே பக்கம் சுற்றிய இருவர்

என் வீட்டுக்காரர் கங்காதரன் பூந்தமல்லியில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கே வந்து கணக்குப் போடுவார்கள். அடுப்படியில் இருந்தபடியே எனக்கும் பாதிக் கணக்கு மனப்பாடம். வட்டமான ஓட்டப் பாதை அறுநூறு கஜம். ஒரே இடத்திலிருந்து இருவர் கிளம்புகிறார்கள். ஒருவன் நொடிக்கு ஐந்து கஜம் ஓடுகிறான், மற்றவன் மூன்று. எப்போது சந்திப்பார்கள்? எதிரெதிரே ஓடினால் வேகங்களைக் கூட்டி வகுக்க வேண்டும், எழுபத்தைந்து நொடி. ஒரே பக்கம் ஓடினால் கழித்து வகுக்க வேண்டும், ஐந்து நிமிஷம். ஆளுக்கொரு இடத்தில் கிளம்பி, ஒரே பக்கம், ஒரே வேகத்தில் ஓடினால்? கழித்தால் மிச்சம் பூஜ்யம். ஆயுசு முழுக்க ஓடினாலும் சந்திக்க மாட்டார்கள் என்பார்.

ஊர்ப் பிள்ளைகளின் கணக்கையெல்லாம் தீர்க்கிறவருக்குச் சொந்தத் தம்பியின் கணக்கு தீரவில்லை. மணவாளனையும் வாத்தியாராக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவனோ, ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்த அந்த வருஷம், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆவடிக்குப் போய்ப் பட்டாளத்தில் பேர் கொடுத்துவிட்டான். இனி இந்த வாசப்படியை மிதிக்காதே என்று இவர் கத்தினார். அவனும் மிதிக்கவில்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் வறட்டுப் பிடிவாதம் சரிபாதி. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம்தான்.

வெள்ளிக்கிழமை அவன் படை பர்மா எல்லைக்குப் போகிறது என்று பக்கத்து வீட்டுச் செங்கல்வராயன் வந்து சொன்னார். இவர் கேட்டுக்கொண்டே பிள்ளைகளின் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தார். வெள்ளியன்று காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் குளித்துவிட்டு, வேலப்பன்சாவடி ரோட்டோரத்து அம்மன் கோயிலுக்குக் கிளம்பினார். நூற்றெட்டுச் சுற்று வேண்டுதல். முடிகிறவரை நிற்கவும் கூடாது, வாய் திறக்கவும் கூடாது. நடுவில் தடைபட்டால் வேண்டுதல் பலிக்காது. யாருக்காக என்று நான் கேட்கவில்லை. கேட்டுத்தானா தெரிய வேண்டும்?

அவர் சுற்றிக்கொண்டிருந்தார். நான் பலிபீடத்தருகே நின்றிருந்தேன். அப்போது ரோட்டில் ஒரு பட்டாள லாரி நின்றது. காக்கி உடுப்போடு மணவாளன் இறங்கி, பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். போகிற வழியில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வர அவனுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தார்கள். அண்ணன் சன்னிதிக்குப் பின்பக்கம் திரும்பிப் போவதைப் பார்த்தான். எப்படியும் தன்னைக் கண்டு நிற்பார் என்று நினைத்திருப்பான், அவனும் சுற்ற ஆரம்பித்தான்.

இருவருக்கும் ஒரே நடை. இவர் இந்த மூலையில் வெளிப்பட்டால் அவன் அந்த மூலையில் மறைவான். திரும்பும்போது இவர் அவனைப் பார்த்துவிட்டார். முகம் ஒரு மாதிரி கோணிப் போனது. கால்கள் மட்டும் நிற்கவில்லை.

மணவாளன் என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது. "என்னைப் பாத்துட்டும் நிக்காம போறாரு அண்ணி. இன்னும் கோவம் தீரல. நான் கெளம்புறேன்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோவமா? ஒனக்காவத்தான்டா சுத்திகினு கீறாரு. நின்னா வேண்டுதல் கெட்டுடும்னு நிக்காம போறாரு" என்றேன்.

அவன் ஒரு கணம் விழித்தான். உடனே அவருக்கு எதிரே போய்ப் பார்க்க, இடமாகச் சுற்றத் திரும்பினான். நான் கையைப் பிடித்து இழுத்தேன். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில். சண்டைக்குப் போகிறவனை அப்படி விடுவேனா?

"இந்தப் பக்கமே போ. அவரு மாதிரி நடந்தா ஆயுசுக்கும் புடிக்க மாட்டே. ஓடு" என்றேன்.

நிறைமாதக்காரி எண்ணெய்க் குடம் சுமந்து நடப்பதுபோல் கோயிலைச் சுற்ற வேண்டும் என்பார்கள். அவன் அம்மன் சன்னிதியைச் சுற்றி, குதிகால் தரையில் படாமல் ஓடினான். பூசாரி திட்டினார். என்னைத் திட்டுங்கள், நான்தான் ஓடச் சொன்னேன் என்றேன்.

அடுத்த மூலையில் இருவரும் சேர்ந்தே வெளிப்பட்டார்கள். அவனுடைய மணிக்கட்டை இவர் இறுகப் பற்றியிருந்தார். அவனுக்கு மூச்சு வாங்கியது. சொல்லாமல் போனது தப்புதான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே கூட நடந்தான். "இன்னும் கோவமா கீறியாண்ணா?" என்று கேட்டான். இவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

ரோட்டில் ஹாரன் அடித்தார்கள், விடாமல் அடித்தார்கள். இவர் நடை தளர்ந்தது. நின்றுவிடப் போகிறார் என்று எனக்கே பதறியது.

"நிக்காதே, நட" என்றான் மணவாளன். தன் கையைத் தானே விடுவித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஓடினான். லாரி புறப்பட்டது. இவர் திரும்பிப் பார்க்காமல் அடுத்த சுற்றைத் தொடங்கினார். நானும் பின்னாலேயே நடந்தேன். வெயில் ஏறிக் கல் சுட்டது. எத்தனை மிச்சம் என்று கேட்க முடியாது.

கடைசிச் சுற்று முடிந்ததும் அம்மனைக்கூடக் கும்பிடாமல் விறுவிறுவென்று ரோட்டுக்குப் போனார். ஒரு கட்டை வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது. பட்டணத்துப் பக்கம் பார்த்து நின்றார். காலையிலிருந்து பேசாத தொண்டை, குரல் கரகரவென்று வந்தது.

"இல்லடா மணவாளா. கோவமெல்லாம் ஒண்ணும் இல்லடா."