பெண் கேட்க வந்த மீன்

மலாவி நாட்டு லிலோங்வேயில் கரண்ட் போனால் மற்ற வீடுகளில் மெழுகுவத்தி தேடுவார்கள். கிரேசன் மாமா வீட்டில் ஜெனரேட்டர் ஓடும். வெளிச்சத்துக்கு அல்ல, தொட்டி மீன்களுக்கு மூச்சு முட்டக் கூடாதே என்பதற்கு. வீட்டிலுள்ள மனிதர்கள் அந்தச் சாக்கில் போன் சார்ஜ் போட்டுக்கொள்வார்கள். "இந்த வீட்ல நமக்கெல்லாம் மீன் புண்ணியத்துலதான் வாழ்க்கை" என்பாள் மாமாவின் தங்கை எஸ்னாட். அவளுடைய ஒரே மகள்தான் தமண்டா.

அந்தச் சனிக்கிழமை மதியம் தமண்டாவுக்கும் மூச்சு முட்டிக்கொண்டுதான் இருந்தது. அவள் விரும்பிய லிம்பானியின் வீட்டிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள்.

பெண்ணுக்குத் தாய்மாமன் சம்மதிக்க வேண்டும், பையனுக்கு அவன் தாய்மாமன் பேச வேண்டும். அதுதான் வழக்கம். பையன் கூடவே வரலாம், ஒரு ஓரமாக உட்காரலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. பையன் வீட்டார் ஒரு சேவலோடு வருவார்கள். பெண்ணின் மாமன் சரி என்றால் உள்ளேயிருந்து ஒரு பெட்டைக் கோழி வெளியே வரும். இல்லையென்றால் சேவல் வந்த வழியே திரும்பிப் போகும். சேவல் வாசல் மாமரத்தடியில் கட்டியிருந்தது. பெட்டை சமையலறைக் கூடைக்குள் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கிரேசன் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாமா இந்த விஷயத்தில் பொல்லாதவர். மூன்று வருஷத்துக்கு முன் தமண்டாவின் பெரியம்மா மகளைக் கேட்டு வந்த பையன், தண்ணீர் கொடுத்தவளிடம் "நன்றி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். "பெரியவங்க பேசற இடத்துல இவன் நாக்கு இவ்வளவு தூரம் நீளுது, நாளைக்கு எவ்வளவு தூரம் நீளும்?" என்று அன்றே சேவலைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

லிம்பானியைப் பற்றி அவருக்கு முன்பே ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவன் செங்கா பே என்ற கரையோர ஊரில் ஏரிக்குள் முங்கி, வெளிநாட்டுக்கு அனுப்பும் வண்ண மீன்களைப் பிடிக்கிறவன். "தண்ணிக்குள்ள வேலை பாக்கறவன் கையில எதுவும் நிக்காது" என்று சொல்லியிருந்தார். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போன இடத்தில் தன் டீச்சர் மருமகள் இப்படி ஒருவனைப் பார்த்துவைத்திருக்கிறாளே என்ற எரிச்சலும் இருந்தது.

"அவரும் மீன் பைத்தியம், நீயும் மீன் பைத்தியம். ஒரு மீன் கொடுத்தே கவுத்துடு" என்று தமண்டாதான் போனில் யோசனை சொன்னாள். கட்டைவிரல் அளவில் ஒரு ஜோடி நீல மீன், சாதுவான ஜாதி, மாமாவின் தொட்டிக்குப் பொருத்தமாகத் தேர்ந்து வைத்திருப்பதாக லிம்பானி சொன்னான். அதை எடுத்துவரும் பொறுப்பு அவனுடைய மாமா கலூவாவுடையது. பெண் வீட்டுக்கான பரிசைப் பையன் கையால் தூக்கிவரக் கூடாது.

கலூவா மலைப்பக்கத்து மனிதர். மீனோடு அவருக்கு அறிமுகமே அது வறுபட்ட பிறகுதான்.

"ஐயா, வெறுங்கையோட வரலை" என்று துணியில் சுற்றிய பொதியை அவர் நீட்டியபோது, மாமாவின் முகம் முதல் முறையாக இளகியது. துணியை விலக்கினார். காற்றடைத்த பெரிய பிளாஸ்டிக் பைக்குள் ஏதோ கனமாக அசைந்தது.

"அடேங்கப்பா! பெருசா இருக்கே."

"சின்னதா கொடுத்தா உங்களுக்கு மரியாதையா இருக்குமா?" கலூவா நெஞ்சை நிமிர்த்தினார். "பையன் ரெண்டு பொடி மீனை எடுத்து வெச்சிருந்தான். பெண்ணோட தாய்மாமனுக்கு இதையா கொடுக்கறதுன்னு, அவன் அந்தப் பக்கம் போனதும் பக்கத்துத் தொட்டியிலேர்ந்து பெருசா ஒண்ணு மாத்திட்டேன்."

லிம்பானி அப்போது அறையில் இல்லை. கூப்பிடும் வரை பையன் வெளியே நிற்க வேண்டும். மாமரத்தடியில் சேவலுக்குத் துணையாக நின்றுகொண்டிருந்தான்.

மாமா முறைப்படி எல்லாம் செய்தார். தொட்டி விளக்கை அணைத்தார். பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டார். சற்றுப் பொறுத்துப் பையைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். "அவசரப்பட்டு உள்ள கொட்டினா புது மீன் மிரண்டு போகும். மெதுவா பழகட்டும்" என்றார். இந்தப் பொறுமையில் பாதி வீட்டுக்கு வரும் மாப்பிள்ளைகளிடம் இருந்தால் தேவலை என்று எஸ்னாட் சமையலறையில் முணுமுணுத்தாள்.

"அந்த மஞ்சள் மீனுக்கு என்ன, கன்னம் வீங்கியிருக்கு?" என்று கலூவா கேட்டார்.

"அது மேடம்." மாமாவின் குரல் தாழ்ந்தது. "இந்தத் தொட்டியிலேயே மூத்தவ. கொஞ்ச நாளா ஒண்ணும் சாப்பிடறதில்லை, கல்லை விட்டு வெளியவும் வர்றதில்லை. என் மேல என்ன கோபமோ."

பிறகு பையைச் சரித்தார். புது மீன் இருட்டில் நழுவி உள்ளே போனது. கதவருகே நின்ற எஸ்னாட், "பையனை வரச் சொல்லட்டா?" என்று கேட்க, மாமா தலையசைத்தார்.

லிம்பானி வந்து ஓரத்து முக்காலியில் உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை, குனிந்த தலை. தமண்டா தோப்வா என்ற மக்காச்சோளக் கூழ் நிறைந்த தம்ளர்களைத் தட்டில் ஏந்தி, முட்டி போட்டு ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். அவனுக்குக் கொடுக்கும்போது மட்டும் இருவரும் தம்ளரையே பார்த்தார்கள்.

"சரி, புது விருந்தாளியைப் பார்ப்போம்" என்று மாமா விளக்கைப் போட்டார்.

எல்லாரும் தொட்டியை நோக்கித் தலையை நீட்டினார்கள்.

ஒரு சாண் நீளப் புது மீன், தொட்டியின் அடியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. உடம்பெல்லாம் அழுகினது போலப் பழுப்புத் திட்டுகள். துடுப்பு அசையவில்லை, வால் அசையவில்லை. கண் மட்டும் வெறுமனே மேலே பார்த்தது.

"மாயோ!" என்று எஸ்னாட் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டாள். "செத்துப்போச்சே!"

கலூவாவின் கையிலிருந்த தோப்வா மடியில் கொட்டியது. "வரும்போது உயிரோட இருந்துச்சு ஐயா! சத்தியமா! பஸ்ஸில வாலை வாலை ஆட்டிச்சு!"

மாமா எழுந்து நின்றார். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. "பெண் கேட்க வர்ற வீட்டுக்குப் பொணத்தைக் கொண்டு வந்திருக்கீங்க."

"ஐயா..."

"பேசாதீங்க. நல்ல காரியத்துக்கு முதல் அடியே இதா? வலையை எடுத்துட்டு வரேன். அதை எடுத்துப் போட்டதும் உங்க சேவலையும் அவுத்துக்கலாம்."

அவர் வலை எடுக்கப் பின்கட்டுக்குப் போனார். இரண்டு வருஷம் காத்திருந்தது, அம்மாவிடம் கெஞ்சியது, மாமாவிடம் அம்மா கெஞ்சியது, எல்லாம் ஒரு மீனில் போய் முடிந்ததா? தமண்டா லிம்பானியைப் பார்த்தாள்.

அவன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. வாய் ஒரு முறை திறந்தது, மூடிக்கொண்டது. பிறகு அவளைப் பார்த்துவிட்டு, தலையைத் தோளில் சாய்த்து, கண்ணை மூடி, அப்படியே அசையாமல் இருந்தான்.

"பாரு, பாரு! தூங்கறான்!" என்று எஸ்னாட் பதறினாள். "வீடே பத்தி எரியுது, மாப்பிள்ளைக்குத் தூக்கம் கேக்குது!"

"டேய் லிம்பானி, மானத்தை வாங்காதடா" என்று கலூவா பல்லைக் கடித்தார்.

லிம்பானி ஒரு கண்ணைத் திறந்தான். தமண்டாவை மட்டும் பார்த்தான். மறுபடி மூடிக்கொண்டான்.

அந்தத் திறந்த ஒரு கண்ணில் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. செங்கா பேயில், அவன் கொடுத்த கண்ணாடியை முகத்தில் மாட்டிக்கொண்டு, பயத்தில் அவன் தோளைப் பிடித்தபடி அவள் முதல் முறை தண்ணீருக்குள் பார்த்த நாள். மணலில் ஒரு மீன் இப்படித்தான் செத்துக் கிடந்தது. ஐயோ பாவம் என்று அவள் கை காட்டினாள். மேலே வந்ததும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாவமா? அது காலிகோனோ. பொணம் மாதிரி படுத்துக் கிடக்கும். கடிச்சுப் பாக்கலாம்னு குட்டி மீனெல்லாம் கிட்ட வரும். வந்ததும் லபக்!"

தொட்டிக்குள் சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் கிட்ட வந்துகொண்டிருந்தன. கல்லிடுக்கிலிருந்து மேடமும் எட்டிப் பார்த்தாள். பிணம் விழுந்து கிடந்தது அவள் வாசலிலேயே.

மாமா வலையோடு உள்ளே வந்தார்.

"மாமா! அது சாகல!"

தமண்டா கத்தியதும் தட்டு கீழே விழுந்ததும் பிணம் எழுந்ததும் ஒரே நொடி. பழுப்பாக ஏதோ ஒன்று பக்கவாட்டில் வெடித்தது. மணல் புகையாகக் கிளம்பியது. அது அடங்கியபோது காலிகோனோவின் வாய் ஓரத்தில் மஞ்சளாக ஒரு தலை துடித்துக்கொண்டிருந்தது.

"மேடம்!" என்று மாமா அலறினார். அவர் அப்படி அலறி யாரும் கேட்டதில்லை. கையில் வலை இருந்தும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

தமண்டா யோசிக்கவில்லை. புதுச் சட்டையின் கை தோள் வரை நனைய, தொட்டிக்குள் கையை விட்டாள். மீன் வழுக்கியது. இரண்டாம் முறை தொட்டிக் கண்ணாடியோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தாள். அதன் முதுகு முள் உள்ளங்கையில் ஏறியது. விடவில்லை. வெளியே தூக்கியபோது அது அவள் முகத்தில் தண்ணீரை அறைந்தது.

லிம்பானி அதற்குள் கை கழுவ வைத்திருந்த பெரிய பேசினின் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டித் தண்ணீரை மொண்டு அவள் முன் நீட்டியிருந்தான். வாய் மட்டும் திறக்கவில்லை. தன் இரண்டு தாடை மூலையிலும் விரலை வைத்து அழுத்திக் காட்டினான். அவள் மீனின் தாடையை அப்படியே அழுத்தினாள். வாய் அகலத் திறந்தது. மேடம் பொத்தென்று பேசினில் விழுந்தாள்.

காலிகோனோவைத் தண்ணீர் வாளியில் போட்டார்கள். எல்லாரும் பேசினைச் சுற்றிக் குனிந்தார்கள்.

மேடத்தின் வால் கிழிந்திருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நீந்தினாள். பிறகு வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஏதோ துகள் துகளாக வந்தது.

"குடல் வருதுடி!" மாமா எஸ்னாட்டின் தோளைப் பிடித்துக்கொண்டார். "போச்சு, போச்சு..."

துகள்கள் கீழே இறங்கின. இறங்கியவை திரும்பின. சீரகம் அளவு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கறுப்புக் கண் இருந்தது. இன்னும் வந்தன. மேடம் இருமுகிறவளைப் போல வாயைத் திறந்து திறந்து மூட, பேசின் முழுக்க உயிர் பரவியது.

மாமா நிமிர்ந்து லிம்பானியைப் பார்த்தார். "என்னடா இது?"

லிம்பானி உதட்டைக் கடித்துக்கொண்டு கலூவாவைப் பார்த்தான்.

"அவன் பேசக் கூடாதுங்களே ஐயா" என்றார் கலூவா, தோப்வா சொட்டும் மடியோடு. "வழக்கம்..."

"வழக்கத்தை நான் பாத்துக்கறேன்! வாயைத் திறந்து சொல்லுடா, இவளுக்கு என்ன?"

"பிரசவம், மாமா."

குஞ்சுகளைவிட அந்த 'மாமா'தான் எல்லாருக்கும் பெரிய அதிர்ச்சி. லிம்பானிக்கே காது சிவந்தது. இனி நிறுத்தினால் திரும்ப வராது என்பது போல மடமடவென்று சொல்லி முடித்தான். "முட்டையை வாயிலேயே அடைகாக்கும். அதான் கன்னம் வீக்கம், அதான் சாப்பிடலை. உங்க மேல கோபம் இல்லீங்க. இப்ப பயத்துல துப்பிடுச்சு. அம்மாவும் பிள்ளைங்களும் ரெண்டு நாள் தனியாவே இருக்கட்டும்."

"உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார் மாமா மெதுவாக. "பொணம் இல்லைன்னு. உனக்கு எப்படிடி தெரியும்?"

தமண்டா சட்டை ஓரத்தால் உள்ளங்கை ரத்தத்தைத் துடைத்தாள். "அவரு சொன்னாரு."

"இவன் எங்க சொன்னான்? இவன் தூங்கினான்னு உங்கம்மா சொல்றா."

"தூங்கல மாமா. அதான் சொன்னது."

மாமா அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். கலூவா தொண்டையைக் கனைத்தார். "தப்பு என் மேலதாங்க. பெரிய மீன்னா பெரிய மரியாதைன்னு நெனச்சுட்டேன். வேணும்னா இப்பவே இதை வறுத்து..."

"அதை ஏரியில கொண்டுபோய் விடுங்க! அது அதோட வயித்துப் பிழைப்பைப் பாத்துச்சு." மாமா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். வலை இன்னும் கையிலேயே இருந்தது. பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சேவல் ஒரு முறை கூவியது. கலூவா கண்ணை மூடிக்கொண்டார்.

பெண் கேட்கும் இடத்தில் தாய்மாமன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நூறு வீடுகளில் சடங்காகக் கேட்டு, சடங்காகப் பதில் சொல்லும் கேள்வி. மாமா தலை நிமிராமலேயே அதைக் கேட்டார்.

"தமண்டா, இந்தப் பையனை உனக்குத் தெரியுமா?"

நனைந்த கையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "தெரியும் மாமா."

"ம். கண்ணாலேயே பார்த்தேன்."

எஸ்னாட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தமண்டா கீழே கிடந்த தட்டை எடுத்தாள்.

"என்ன எல்லாரும் செத்த மீன் மாதிரி பாக்கறீங்க?" என்று மாமா சட்டென்று தங்கையிடம் சீறினார். "கோழி எங்க?"

எஸ்னாட் கதவை விட்டு நகர்வதற்குள், கூடையை எடுக்க ஓடியது கலூவாதான்.