அக்காவின் கணினிக்கு ரேம் போட்டவன்

குடும்பத்தில் அவனுக்கு 'டாக்டர்' என்று பெயர். யார் வீட்டுப் பிரிண்டர் மக்கர் பண்ணினாலும், யார் போன் படுத்துவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் அவனுக்கு வருத்தமாகக்கூட இருக்கும்.

அவன் அக்கா குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். படுக்கையறை மூலையில் ஒரு மேஜை, அதன்மேல் பழைய கணினி. அதுதான் அவள் ஆபீஸ். ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போவாள். திரும்பி வரும்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"உள்ள டிக் டிக்னு ஏதோ சத்தம் வேற வருதுடா."

"அது ஃபேன்க்கா. ரேம் பத்தல. டபுளா போட்டா சும்மா பறக்கும் பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பெட்டியைத் திறந்தான். தூசியை ஊதினான். ரேமைச் செருகினான். மாமா, அக்காவின் கணவர், டீயும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார். கணினி புது ரேமைச் சரியாகவே காட்டியது. ஆனால் படம் திறப்பதாகக் காணோம். கழற்றி மாட்டினான், இடம் மாற்றிச் செருகினான், வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தான். வட்டம் சாவகாசமாகச் சுற்றியது.

"என்ன டாக்டரே, ஆபரேஷன் சக்சஸ், பேஷன்ட்தான் கண்ணத் தொறக்கல போல?" என்றார் மாமா.

அவனுக்குக் காது சூடேறியது.

"மெஷின் என்ன பண்ணும் மாமா? கிறுக்கினது, கிழிச்சது எல்லாத்தையும் இவ சேத்து வச்சிருக்கா. யாருக்கு வேணும் இந்தக் குப்பை?"

"அலமாரியும் அதே லட்சணம்தான்" என்று மாமா சிரித்தார். அவனும் சேர்ந்து சிரித்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

வார நடுவில் அவள் போன் செய்தாள். "பழசெல்லாம் அழிச்சிட்டேன்டா. அப்பவும் அப்படியேதான் இருக்கு. நான்தான் வேற ஏதாவது தப்பு பண்றேனா?"

மன்னிப்புக் கேட்கிற குரல். அது அவனை என்னவோ செய்தது. மதியமே வேலையிலிருந்து கிளம்பிப் போனான். எந்தப் பகுதி எவ்வளவு திணறுகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தான். முதல் நாளே திறந்திருக்க வேண்டியது அது. ரேமில் பெரும்பகுதி சும்மா கிடந்தது; பழைய ரேமே போதுமானதாக இருந்திருக்கும். ஹார்ட் டிஸ்க்கின் கோடு மட்டும் உச்சியில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. குனிந்து பெட்டியில் காதை வைத்தான். டிக் டிக்.

"அக்கா, டிஸ்க் போயிட்டிருக்கு. உன் படத்தால ஒண்ணுமே இல்ல. நான் சரியாப் பாக்காம உன்மேல பழியைப் போட்டுட்டேன்."

"அப்போ நான் அழிச்சது?"

புது டிஸ்க் வாங்கி வந்தான். மிச்சமிருந்ததை அதில் ஏற்றிவிட்டு, அழித்தவற்றைத் தேடிப் பார்த்தான். சில படங்கள் வந்தன, பாதி சாம்பல் நிறமாக. மகள் வயிற்றில் இருந்தபோது படுத்த படுக்கையாகக் கிடந்து வரையப் பழகிய படங்களைத்தான் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவற்றில் ஒன்றுகூட வரவில்லை.

மாமா வேலை முடிந்து வந்ததும் அவரிடமும் சொன்னான். "தப்பு என்னோடது மாமா. அக்கா அன்னைக்கே சத்தம் கேக்குதுன்னு சொன்னா, நான் காதுல வாங்கல." மாமா கிண்டலடிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டை மாற்ற உள்ளே போய்விட்டார்.

அக்கா ஒரு படத்தைத் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது.

"நல்ல வேகமாத்தான் இருக்கு" என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. ஸ்க்ரூட்ரைவரைப் பையில் போட்டுக்கொண்டு, "வரேன்க்கா" என்றான் தரையைப் பார்த்தபடி.

"சாப்பிட்டுப் போடா."

"பசிக்கல" என்றான். நல்ல பசி. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.